அளவு நாடாவை அவர் கையில் கொடுங்கள்

வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52, கணவருக்கு 58. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்தில் கணவரின் தண்டுவடம் மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பு மட்டத்தில் அடிபட்டது. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகளுக்கு எந்தக் குறையும் இல்லாததால் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொள்கிறார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் யார் துணையும் இல்லாமல் மாறிக்கொள்கிறார். இவர்களின் ஒரே மகள் பிரிட்டனில் முதுநிலைப் படிப்பை முடிக்கிறார். ஏழு மாதங்களில் பட்டமளிப்பு விழா. லண்டனில் ஐந்து இரவுகள், பிறகு பாரிஸில் நான்கு இரவுகள் தங்குவதாகத் திட்டம்.

ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டுக்குப் போய்வந்த காயம் இன்னும் ஆறவில்லை. முன்பதிவுத் தளத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இருந்ததைப் பார்த்துத்தான் அந்த ஓட்டலில் அறை எடுத்திருக்கிறார்கள். போய் இறங்கினால் வாசலில் இரண்டு படிகள். ஊழியர்கள் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. உள்ளே உயரமான குளியல் தொட்டி. ஐந்து நாட்களும் ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போக வேண்டியபோதெல்லாம் அறையிலிருந்த மர நாற்காலியில் கணவரை உட்காரவைத்து இழுத்துப் போயிருக்கிறார். ஊர் திரும்பியபோது வால் எலும்பின் மேல் புண். அது ஆற மூன்று மாதங்கள் ஆயின. இப்போது கணவர், “நீ போய்விட்டு வா, நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. இந்த முறை ஐந்து நட்சத்திர ஓட்டலாக எடுத்தால் பிரச்சினை வராதா? ஐரோப்பாவில் சட்டம் கடுமையானது என்பதால் கவலைப்பட வேண்டியதில்லைதானே? தனியாக வசதி கேட்டால் கூடுதல் பணம் கேட்பார்களா? இத்தனை கேள்வி கேட்டு ஓட்டல்காரர்களைத் தொந்தரவு செய்வது சரியா? அல்லது அவர் சொல்வதுபோல் அவரை விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா?

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுவிட்டுப் போகாதீர்கள். தோல் முழுமையாக ஆறியிருந்து, சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லாமல் இருந்தால், உங்கள் கணவர் ஒன்பது நாள் பயணம் போகக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தண்டுவடக் காயம் பட்டவர்களின் மறுவாழ்வுச் சிகிச்சையில் இருக்கும் மருத்துவராக இதைச் சொல்கிறேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை தோலைக் காட்டிவிடுங்கள், அது போதும்.

கடிதத்தில் ஓரிடத்தில் ‘எங்கள் தலையெழுத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் கணவரின் நாற்காலி 64 சென்டிமீட்டர் அகலம் இருக்கலாம். அந்தக் குளியலறைக் கதவு திறந்தபோது 60 சென்டிமீட்டர் வழிவிட்டிருக்கலாம். அந்த ஐந்து நாள் அவமானமும் மூன்று மாதப் புண்ணும் இந்த நான்கு சென்டிமீட்டரிலிருந்து வந்தவை. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய நான்கு சென்டிமீட்டர் அது. யாரும் கேட்கவில்லை, ஓட்டலும் சொல்லவில்லை. நீங்கள் கேட்காமல் விட்டது உங்கள் குற்றமும் இல்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் வீட்டுக் கதவை அளக்கச் சொல்கிறோம். ஓட்டல் கதவைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்தக் குறை எங்கள் பக்கம்.

அந்த நீலச் சின்னம் எதற்குச் சாட்சி

சக்கர நாற்காலிச் சின்னத்தின் மூல வடிவத்தை 1968-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் கோஃபோட் என்ற வடிவமைப்பு மாணவி வரைந்தார். இன்று உலகம் முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த படம் அது. ஆனால் முன்பதிவுத் தளங்களில் அந்தச் சின்னம் எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டல் நிர்வாகமே ஒரு படிவத்தில் ‘உண்டு’ என்று குறியிடுகிறது, அதனால் வருகிறது. யாரும் நேரில் போய் அளந்து கொடுத்த சான்றாக அதை நினைத்துவிடாதீர்கள். வாசலில் சாய்தளம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் குறியிட்டிருப்பார். லிஃப்ட் இருக்கிறது என்பதற்காக இன்னொருவர் குறியிட்டிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. உங்கள் கணவரால் அங்கே குளிக்க முடியுமா என்ற கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு அடியில் இன்னொரு உண்மை இருக்கிறது. எல்லோருக்கும் ஏற்ற அறை என்று ஒன்று கிடையாது. கொஞ்சம் எழுந்து நிற்க முடிகிற முதியவருக்குக் கைப்பிடிக் கம்பி வைத்த குளியல் தொட்டி போதும். ஆளைத் தூக்கி மாற்றும் கருவியின் உதவியோடு படுக்கைக்கு மாற்றப்படுபவருக்குப் படுக்கையின் அடியில் அந்தக் கருவியின் கால்கள் நுழைய இடைவெளி வேண்டும். அடிப்பாகம் பெட்டிபோல் மூடப்பட்ட கட்டில் அவருக்குப் பயனற்றது. உங்கள் கணவருக்கு இந்த இரண்டும் முக்கியமில்லை. படுக்கையின் உயரமும் கழிப்பறையின் பக்கவாட்டு இடமும்தான் அவருக்கு உயிர்நாடி. ஆகவே ‘சக்கர நாற்காலிக்கு வசதி உண்டா’ என்று கேட்டால் எல்லா ஓட்டல்களும் உண்டு என்றுதான் சொல்லும். ‘எத்தனை சென்டிமீட்டர்’ என்று கேட்டால்தான் ஒருவர் எழுந்து போய் அளந்து பார்ப்பார்.

நட்சத்திரக் கணக்கும் இதில் உதவாது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் சேவைக்கும் ஆடம்பரத்துக்கும் கொடுக்கப்படுபவை. நூறாண்டு பழைய மாளிகையில் நடக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டலில் வாசலிலேயே பளிங்குப் படிகள் இருக்கும், லிஃப்ட் அலமாரி அளவுக்கு இருக்கும், கட்டிலில் மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு இடுப்புக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். அதே தெருவில் அண்மையில் கட்டிய எளிமையான ஓட்டலில் தடுப்பே இல்லாத குளியலறை கிடைக்கலாம். இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டு விதிகள், புதிதாகக் கட்டும் ஓட்டல்களில் இருபது அறைகளுக்கு ஒன்றாவது சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் நட்சத்திரத்தை விடுங்கள், கட்டடத்தின் வயதைப் பாருங்கள். என் சிகிச்சையில் இருப்பவர்கள் பயணம் போகும்போது நான் முதலில் கேட்பது ‘எந்த ஆண்டு கட்டியது’ என்பதைத்தான்.

முதலில் வீட்டில் அளக்க வேண்டியவை

ஓட்டலைக் கேட்பதற்கு முன் உங்கள் கணவரின் அளவுகள் உங்களிடம் இருக்க வேண்டும். அளவு நாடாவை அவர் கையிலேயே கொடுங்கள். நீங்கள் அளந்து எழுதிக்கொள்ள வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாற்காலியின் அகலம் என்றால் இருக்கையின் அகலம் இல்லை. இரண்டு பக்கச் சக்கரங்களின் வெளிப்புறத் தள்ளு வளையத்திலிருந்து வளையம் வரை அளக்க வேண்டும். அதோடு விரல்கள் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து நீளம்: பின் சக்கரத்திலிருந்து கால் பலகையில் இருக்கும் அவருடைய கால் விரல் நுனிவரை. லிஃப்ட்டுக்குள் கதவு மூடுமா என்பதை முடிவுசெய்வது இந்த நீளம்தான். பிறகு தரையிலிருந்து இருக்கை மெத்தையின் மேற்பரப்புவரை உள்ள உயரம். அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய நிலையில் அளந்தால் இன்னும் துல்லியம். கடைசியாக, அவர் எந்தப் பக்கமாக மாறுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கமாகவே மாறிப் பழகியவருக்கு, அதற்குப் பொருந்தாத பக்கத்தில் மட்டும் இடம் விட்டிருக்கும் கழிப்பறை எட்டாத தூரத்தில் இருப்பதற்குச் சமம்.

இந்த எண்களோடு ஒப்பிட உங்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகுதல் விதிமுறைகளில் இருப்பதைச் சொல்கிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கதவு தொண்ணூறு பாகை திறந்த நிலையில் குறைந்தது 81.5 சென்டிமீட்டர் வழி வேண்டும். நாற்காலி முழுவட்டம் திரும்ப 152.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். கழிப்பறை இருக்கை 43 முதல் 48.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது. ‘ஒரே ஒரு படிதான்’ என்று ஓட்டலில் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதற்கு 180 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கட்டிலின் உயரத்துக்கு அந்த அமெரிக்க விதிகளில்கூட அளவு எதுவும் இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. நாற்காலி இருக்கை 50 சென்டிமீட்டர், கட்டில் 68 சென்டிமீட்டர் என்றால் உங்கள் கணவர் ஒவ்வொரு முறையும் தன் முழு உடம்பையும் தோள்களால் பதினெட்டு சென்டிமீட்டர் மேலே தூக்க வேண்டும். கால்களின் வேலையையும் நான்கு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கும் தோள்கள் அவை. அவற்றுக்குக் காயம் பட்டால் அவருடைய சுதந்திரமே போய்விடும். கட்டில் உயரம் அவருடைய இருக்கை உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல் மெத்தையை எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். பல ஓட்டல்களில் அது இரண்டு பேர் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை. முன்கூட்டிச் சொன்னால் செய்து வைப்பார்கள். நள்ளிரவில் போய் இறங்கிக் கேட்டால் ஆள் இருக்க மாட்டார்கள்.

குளியலறையில்தான் எல்லாம் முடிவாகிறது

நீங்கள் கடிதத்தில் கூச்சத்தோடு இரண்டே வரியில் எழுதிய விஷயத்தைப் பற்றி நான் விரிவாகப் பேசப் போகிறேன். தண்டுவடக் காயம் பட்டவர்கள் மலம் கழிக்கும் நடைமுறைக்குப் பல நேரம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். ஒரு மணி நேரம் ஒரே இடத்தில், உணர்ச்சியில்லாத தோலோடு, கடினமான பிளாஸ்டிக் இருக்கையில். போன முறை வந்த புண்ணுக்கு அந்த மர நாற்காலியும் அதில் வைத்து இழுத்ததும் முக்கியக் காரணமாக இருந்திருக்கும். அழுத்தம் ஒன்று, தோல் உராய்ந்து இழுபடுவது அதைவிட மோசம். எனவே இந்த முறை மெத்தை வைத்த, மடக்கக்கூடிய கமோடு நாற்காலியைக் கொண்டுபோங்கள். சுமக்க முடியாது என்றால் போகும் ஊரிலேயே வாடகைக்கு எடுக்கலாம். பெரிய நகரங்களில் இத்தகைய கருவிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் ஓட்டலுக்கே கொண்டுவந்து இறக்குகின்றன. ஓட்டல் அதை வாங்கி வைக்குமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷவர் விஷயத்தில் சொற்கள் உங்களை ஏமாற்றும். ‘மாற்றுத்திறனாளி அறை’ என்ற பெயரிலேயே கைப்பிடி வைத்த குளியல் தொட்டியைக் கொடுப்பார்கள். பல நாடுகளில் அது விதிமீறலும் இல்லை. அமெரிக்காவிலேயே ஐம்பது அறைகள் வரையுள்ள ஓட்டல்களுக்கு, நாற்காலியோடு உள்ளே போகும் ஷவர் கட்டாயம் கிடையாது. ஆகவே ‘தரையோடு சமமாக, தடுப்பு மேடு இல்லாமல், நாற்காலி உள்ளே போகும் ஷவர்’ என்று முழு வாக்கியமாக எழுதிக் கேளுங்கள். சுவரில் மடக்கும் இருக்கை உண்டா, அதில் உட்கார்ந்தபடி குழாயும் கைஷவரும் எட்டுமா, நடுவில் அசையாத கண்ணாடித் தடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல குளியலறைகளை அந்தக் கண்ணாடி ஒன்றே கெடுத்துவிடுகிறது.

அங்கே போன பிறகு நீங்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து சூடு. குளிர்ந்த நாடுகளில் குளியலறைச் சுவரில் துண்டு உலர்த்தும் சூடான கம்பி இருக்கும். பெரும்பாலும் கழிப்பறைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில். கட்டிலுக்கு அருகே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருக்கும். கைகழுவும் தொட்டிக்கு அடியில் வெந்நீர்க் குழாய் மூடப்படாமல் போகும். உங்கள் கணவருடைய கால் அதில் பட்டால் அவருக்குத் தெரியாது. நான் பார்த்த தீக்காயங்கள் சில இப்படி வந்தவைதான். நெருப்பே இல்லாத அறையில் வந்தவை. அறைக்குள் போனதும் முதல் வேலையாக இந்த மூன்றையும் தொட்டுப் பாருங்கள், அணைக்கச் சொல்லுங்கள், அல்லது தடித்த துண்டைச் சுற்றிவிடுங்கள். ஷவர் தண்ணீரை அவர் தன் கையில் விட்டுப் பார்த்த பிறகே காலில் விட வேண்டும்.

பிரிட்டனில் இத்தகைய குளியலறைகளில் சிவப்புக் கயிறு ஒன்று கூரையிலிருந்து தரைவரை தொங்கும். அது உதவிக்கு அழைக்கும் மணி. விழுந்து கிடப்பவர் கைக்கும் எட்ட வேண்டும் என்பதால்தான் தரைவரை வருகிறது. துப்புரவின்போது அதைச் சுருட்டிக் கட்டிவைத்துவிடுவது உண்டு. அவிழ்த்து விடுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்

‘ஐரோப்பாவில் சட்டம் கடுமையானது’ என்ற உங்கள் நம்பிக்கை பாதி சரி. பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010, ஓட்டல் போன்ற சேவை தருவோர் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்தாக வேண்டும் என்கிறது. யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும் என்பதும் அந்தக் கடமையில் அடங்கும். அந்த மாற்றத்துக்கான செலவை உங்கள் தலையில் கட்டவும் முடியாது. கூடுதல் பணம் பற்றிய உங்கள் கேள்விக்கு இதுவே பதில். மெத்தையை எடுப்பதற்கும் ஷவர் இருக்கை வைப்பதற்கும் தனிக் கட்டணம் என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி மரியாதையாக மறுக்கலாம். ஆனால் ‘நியாயமான’ என்ற சொல்லில் ஓட்டலின் அளவு, செலவு, கட்டடத்தின் தன்மை எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். பத்து அறைகள் கொண்ட பழைய விடுதி குளியலறையை இடித்துக் கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

பிரான்ஸில் 2005 பிப்ரவரி 11-ஆம் தேதியச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் எல்லோரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம் விலக்குகளுக்கும் இடம் வைத்திருக்கிறது: கட்டட அமைப்பால் முடியாது, பாரம்பரியக் கட்டடம், செலவு அளவுக்கு மீறியது என்ற காரணங்களால் விலக்குப் பெறலாம். நீங்கள் ஆசைப்படும் அழகான பழைய பாரிஸ் ஓட்டல்களில் பல இந்த வகையில் வரக்கூடும். நல்ல செய்தியும் உண்டு. 2017 முதல் இத்தகைய ஒவ்வோர் இடமும் அணுகுதல் பற்றிய பொதுப் பதிவேடு ஒன்றைப் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் எங்கே வசதி இருக்கிறது, எங்கே இல்லை என்பது எழுதப்பட்டிருக்கும். ‘உங்கள் பதிவேட்டின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா’ என்று கேளுங்கள். பதிலின் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். ‘சுற்றுலாவும் மாற்றுத்திறனும்’ என்று பொருள்படும் பெயரில் பிரெஞ்சு முத்திரை ஒன்றும் இருக்கிறது. செவி, பார்வை, மனம், உடலியக்கம் என்று நான்கு படங்கள் அதில் உண்டு. ஓட்டலின் முத்திரையில் உடலியக்கத்துக்கான படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேறு நாடுகளுக்குப் போகும் வாசகர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் 2012 மார்ச் 15 முதல், ஓட்டல்கள் தங்கள் அறைகளின் அணுகுதல் விவரங்களை, ஒருவர் தனக்குப் பொருந்துமா என்று தானே முடிவுசெய்யும் அளவுக்கு விளக்க வேண்டும்; பதிவுசெய்த அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். ஜப்பானில் 2019 செப்டம்பர் முதல், ஐம்பதோ அதற்கு மேலோ அறைகள் கொண்ட புதிய பெரிய ஓட்டல்களில் நூற்றுக்கு ஓர் அறையாவது சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு சீக்கிரம் பதிவுசெய்ய வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

கேட்பது, உறுதிசெய்வது

முன்பதிவுத் தளத்தில் ‘சிறப்பு வேண்டுகோள்’ என்ற பெட்டியில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே. ‘இருந்தால் தருகிறோம்’ என்பதுதான் அதன் பொருள். தளத்தைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள்; அறையை ஓட்டலோடு நேரடியாகப் பேசிப் பதிவுசெய்யுங்கள். தளத்திலேயே பதிய நேர்ந்தால், கட்டணமில்லாமல் ரத்துசெய்யக்கூடிய வகையை எடுத்து, ஓட்டலின் எழுத்துப் பதில் வரும்வரை வைத்திருங்கள்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். ‘நான் சக்கர நாற்காலியில் வருகிறேன். நிற்கவோ நடக்கவோ முடியாது. என் நாற்காலியின் அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, இருக்கை உயரம் இவ்வளவு’ என்று தொடங்கி, ஆறு கேள்விகள் போதும்: தெருவிலிருந்து அறைவரை படி உண்டா, லிஃப்ட்டின் கதவு அகலமும் உள் ஆழமும் எவ்வளவு, அறைக் கதவும் குளியலறைக் கதவும் திறந்தபோது எவ்வளவு வழி விடுகின்றன, கட்டிலின் உயரமும் அதன் இருபுறமும் உள்ள இடமும் எவ்வளவு, கழிப்பறையின் எந்தப் பக்கம் காலியிடம் இருக்கிறது, ஷவருக்குள் தடுப்பு இல்லாமல் நாற்காலியில் போக முடியுமா. லிஃப்ட்டுக்கு ஐரோப்பியத் தரத்தில் 110-க்கு 140 சென்டிமீட்டர் என்ற அளவு, நாற்காலியில் ஒருவரும் உடன் ஒருவரும் போகப் போதுமானது. அதைவிடச் சிறியது என்றால் உங்கள் கணவரின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளியலறையை மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்து ஒரு படம் கேளுங்கள். பதில் வந்ததும், அந்தக் குறிப்பிட்ட அறை எண்ணை உங்கள் பெயரில் உறுதிசெய்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இது தொந்தரவா என்று கேட்டீர்கள். வேலை தெரிந்த ஓட்டல் இந்தக் கடிதத்தை விரும்பும். நள்ளிரவில் வரவேற்பறையில் நடக்கப்போகும் துயரத்தை இது தவிர்க்கிறது. எரிச்சலோடு பதில் எழுதுகிற ஓட்டல், தான் ஏற்ற இடம் இல்லை என்பதை இலவசமாகச் சொல்லிவிட்டது. ‘கவலைப்படாதீர்கள், எங்கள் ஊழியர்கள் தூக்கிவிடுவார்கள்’ என்று பதில் வந்தால் அந்த ஓட்டலை அன்றே விட்டுவிடுங்கள். பயிற்சி இல்லாதவர்கள் தூக்கி வழுக்கினால் உணர்ச்சியில்லாத காலில் எலும்பு முறிந்தாலும் உடனே தெரியாது. தண்டுவடக் காயத்துக்குப் பிறகு கால் எலும்புகளின் வலுவும் குறைந்திருக்கும்.

ஓட்டல் சொன்னதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. கூகுளின் தெருக்காட்சியில் வாசலைப் பாருங்கள். படி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். எந்த இடம் சக்கர நாற்காலிக்கு ஏற்றது என்று பொதுமக்களே வரைபடத்தில் நிறம் குறிக்கும் வீல்மேப், பிரிட்டனில் நேரில் அளந்து எழுதும் ஆக்சஸ்ஏபிள், பயனாளர்களின் அனுபவங்களைத் தொகுக்கும் யூவன்ஸ் கைடு ஆகிய இணையதளங்களிலும் தேடுங்கள். ஓட்டலின் இடமும் முக்கியம். லண்டனின் கறுப்பு டாக்சிகள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு. நகரப் பேருந்துகளிலும் உண்டு. சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவை படி இல்லாமல் போக முடியாதவை. பாரிஸ் மெட்ரோவில் 14-ஆம் எண் தடம் மட்டுமே முழுமையாக ஏற்றது, பேருந்துகளை நம்பலாம். எனவே ‘மெட்ரோவுக்குப் பக்கம்’ என்ற விளம்பரத்துக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

தீ விபத்து ஏற்பட்டால் லிஃப்ட்டைப் பயன்படுத்த முடியாது. தரைத்தளத்திலோ முதல் தளத்திலோ அறை கேளுங்கள். அவசரத்தில் அவரை எப்படி வெளியே கொண்டுவருவார்கள் என்பதை அறைச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் வேறு அறையைக் கொடுத்தால், பெட்டியைப் பிரிக்காதீர்கள். எழுத்து உறுதியைக் காட்டி, பணியில் இருக்கும் மேலாளரை அழையுங்கள். படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பொருத்தமான வேறு ஓட்டலில் அவர்கள் செலவிலேயே இடம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். போன முறைபோல ‘சமாளித்துக்கொள்கிறோம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சமாளிப்பது உங்கள் கணவரின் தோல். பின்னர் பிரிட்டனில் சமத்துவ ஆலோசனை உதவிச் சேவையிடமும், பிரான்ஸில் உரிமைகள் பாதுகாவலர் அலுவலகத்திடமும் முறையிடலாம். பிரிட்டனில் வழக்குப் போடுவதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி

அளவு நாடாவை ஏன் அவர் கையில் கொடுக்கச் சொன்னேன்? போன பயணத்தில் எல்லாவற்றையும் நீங்கள் ஏற்பாடு செய்தீர்கள். எல்லாவற்றையும் உங்கள் உடம்பால் சுமந்தீர்கள். அவர் அந்த ஐந்து நாட்களும் சுமக்கப்பட்டவராகவே இருந்தார். வீட்டில் தானே குளித்து, தானே உடுத்தி, தானே வெளியே போய்வருகிறவர், ஒரு கதவால் திடீரென்று பொருளாகிப்போனார். ‘நீ போய்விட்டு வா’ என்று அவர் சொல்வதில் பயணத்தின் மேல் வெறுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களை மறுபடியும் அந்த நிலையில் பார்க்க அவருக்கு மனமில்லை. இதை நீங்கள் சமாதானம் சொல்லி மாற்ற முடியாது. அவரே அளந்து, அவரே எழுதி, ஓட்டல் அனுப்பிய படத்தைப் பார்த்து ‘இதில் நான் இடதுபுறமாக மாறிக்கொள்வேன்’ என்று அவர் வாயால் சொல்லும்போது மாறும். எந்த ஓட்டல் என்பதையும் அவரே முடிவுசெய்யட்டும். பாரிஸை விட்டுவிட்டு லண்டனில் மட்டும் தங்கலாம் என்று அவர் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பட்டமளிப்பு அரங்கில் சக்கர நாற்காலிக்கான இடங்கள் குறைவாகவே இருக்கும். அப்பாவுக்கும் பக்கத்தில் உங்களுக்கும் இடம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள். லண்டன் ஓட்டல்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மகளே நேரில் போய்க் குளியலறைக் கதவை அளந்துவிடலாம்; உங்களைப் போன்ற எல்லோருக்கும் கிடைக்காத வசதி இது.

விமானத்தில் போகும்போது நாற்காலியின் மெத்தையை இருக்கைக்குக் கொண்டுபோய் அதன் மேல் உட்காரலாமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். நாற்காலியையும் மெத்தையையும் புறப்படுமுன் படம் எடுத்து வையுங்கள். உதவி வேண்டும் என்பதைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பதிவுசெய்ய வேண்டும். பயணத்தின்போது ஒவ்வோர் இரவும் இடுப்பு, வால் எலும்பு, குதிகால்களைக் கைபேசியில் படம் எடுத்து அவரிடமே காட்டுங்கள். அழுத்தம் நீங்கி அரைமணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால், மறுநாள் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டும். அதற்காகவே ஒன்பது நாட்களில் ஒரு நாளைக் காலியாக வையுங்கள்.

அவர் எழுதும் மின்னஞ்சலின் பிரதியை, ஓட்டல்களின் பதில்களோடு எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். கதவு அளவுகளையும் கட்டில் உயரத்தையும் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.